எது மிகச் சிறந்த மியூசிக்கல்? கூரை மேல் பிடில்காரனுக்கு என் ஓட்டு

(நமது கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் "உலகின் மிகச் சிறந்த மேடை மியூசிக்கல் எது?" என்ற தலைப்பில் நடந்த விவாதத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



இன்றைய தலைப்பு சர்க்குலரில் வந்ததுமே எனக்கு இரண்டு போன்கள். "நமக்கு எதற்கு ஓய் இந்த வெள்ளைக்கார டிராமா? ஒரு உபன்யாசம் வைக்கலாமே" என்றார் ஒருவர். மற்றவர், "சந்தேகமே வேண்டாம், சவுண்ட் ஆஃப் மியூசிக்தான். இதற்கு எதற்கு விவாதம்?" என்றார். இரண்டாவது போனே முதல் போனுக்குப் பதில். இவ்வளவு தீர்மானமாக ஒரு அபிப்ராயம் நம்மிடம் இருக்கிறது என்றால், அது நமக்கு அன்னியமான விஷயமே இல்லை.

முதலில் மியூசிக்கல் என்றால் என்ன என்று ஒரு நிமிஷம். நம் ஊரில் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்திலிருந்து பாட்டும் நாடகமும் சேர்ந்தேதான் இருந்தன. ஆனால் கிட்டப்பா பாடினால் கதை நின்றுவிடும். ஜனங்கள் "ஒன்ஸ்மோர்" கேட்பார்கள், அவர் மறுபடி பாடுவார், வள்ளி காத்துக்கொண்டிருப்பாள். பிராட்வே மியூசிக்கலில் அது நடக்காது. பாட்டு முடியும்போது கதை ஒரு அடியாவது நகர்ந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் இதற்குப் பிள்ளையார் சுழி போட்டது 1927-ல் வந்த ஷோ போட். ஜெரோம் கெர்ன் சங்கீதம், ஆஸ்கர் ஹேமர்ஸ்டைன் வசனமும் பாடல்களும். அதுவரை அழகான பெண்கள் வரிசையாக நின்று ஆடுவதே மியூசிக்கல் என்றிருந்த மேடையில், கறுப்பர் வெள்ளையர் கல்யாணத்தைச் சட்டம் தடுப்பதைக் கதையாக வைத்தார்கள். பிறகு 1943-ல் இதே ஹேமர்ஸ்டைன் ரிச்சர்ட் ரோட்ஜர்ஸுடன் சேர்ந்து ஓக்லஹோமா! கொடுத்தார். அதில் நடனமும் கதை சொல்ல ஆரம்பித்தது. அந்த ஒன்று மட்டும் 2,212 முறை நடந்தது. சரித்திரத்தை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

நான் கெமிஸ்ட்ரி படித்தவன். அதன் பிறகு முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் ஃபைல்களில் கூட்டல் சரிபார்த்தவன். எனவே "மிகச் சிறந்தது" என்று யாராவது சொன்னால் என் முதல் கேள்வி, எந்த அலகில் என்பதுதான்.

எத்தனை நாள் ஓடியது என்பதை அலகாக வைப்போமா? அப்படியானால் ஃபேன்டம் ஆஃப் தி ஆபரா. 1988 ஜனவரியில் பிராட்வேக்கு வந்து 2023 ஏப்ரலில் திரை விழுந்தபோது கணக்கு 13,981 காட்சிகள். ஆனால் ஃபேன்டாஸ்டிக்ஸ் என்று ஒன்று நியூயார்க்கில் ஒரு சின்ன அரங்கில் 1960 முதல் 2002 வரை 17,162 காட்சிகள் நடந்தது. நம் கிளையின் ஹாலில் பாதிதான் இருக்கும் அந்த இடம். எதை எதனுடன் ஒப்பிடுவது? இன்னொரு விநோதம் சிகாகோ. 1975-ல் 936 காட்சிகளோடு முடிந்த நாடகம் அது. அதையே 1996-ல் மறுபடி போட்டார்கள், பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. கதையும் பாட்டும் மாறவில்லை, காலம்தான் மாறியது. அளவுகோலே நீளுகிறது, சுருங்குகிறது என்றால் அதை வைத்துக்கொண்டு நான் எதை அளக்க?

சரி, பரிசுகள்? டோனி விருதில் ரெக்கார்ட் 2001-ல் பன்னிரண்டு வாங்கிய தி புரொட்யூசர்ஸ். இந்த ஹாலில் அதன் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் கை தூக்குங்கள். பார்த்தீர்களா, இரண்டே கைகள். இன்றும் உலகம் முழுக்கப் போடப்படும் வெஸ்ட் சைட் ஸ்டோரிக்கு 1958-ல் அந்த விருது கிடைக்கவில்லை, தி மியூசிக் மேன் தட்டிக்கொண்டு போய்விட்டது. லெ மிஸரப்ல 1985-ல் லண்டனில் ஆரம்பித்தபோது விமர்சகர்கள் வாரித் தூற்றினார்கள். ஜனங்கள் டிக்கெட் கவுண்டரில் வரிசையில் நின்று அவர்களுக்குப் பதில் சொன்னார்கள். ஆகவே கமிட்டிகளை நம்பிப் பயனில்லை. நானே பல கமிட்டிகளில் இருந்தவன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

இனி எதிர்க்கட்சிகளுக்கு வருகிறேன். முதலில் மாமிகள் கட்சி. 2023 மே மாதம் மும்பையில் அம்பானி கலாசார மையத்தில் சவுண்ட் ஆஃப் மியூசிக் வந்தபோது நம் உறுப்பினர்கள் பல ஊர்களிலிருந்து போய்ப் பார்த்தார்கள். டிக்கெட் விலையைப் பற்றி ஒரு மாதம் புலம்பல், பாட்டைப் பற்றி ஆறு மாதம் ஆனந்தம். எனக்கும் பிடிக்கும். அதன் சாயலில் நாம் சாந்தி நிலையமே பார்த்திருக்கிறோம். ஹேமர்ஸ்டைன் கடைசியாக எழுதிய பாட்டு அந்த வெள்ளைப் பூவைப் பற்றியதுதான். நாடகம் ஆரம்பித்து ஒன்பது மாதத்தில் அவர் காலமாகிவிட்டார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குடும்பம் நிஜத்தில் மலை ஏறித் தப்பிக்கவில்லை, இத்தாலிக்கு ரயிலில் போனார்கள். சால்ஸ்பர்க்கிலிருந்து அந்த மலையைத் தாண்டினால் ஜெர்மனிதான் வரும், நேராக ஹிட்லரிடமே போய் நிற்க வேண்டியதுதான்! நாடகத்தில் இதெல்லாம் சகஜம் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். என் குறை வேறு. அதில் நல்லவர்கள் எல்லோரும் முதலிலிருந்தே நல்லவர்கள். கேப்டன் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறார், இரண்டு பாட்டில் இளகிவிடுகிறார். கஷ்டமான முடிவு என்று ஒன்றை எடுக்கும்போதும் எது சரி என்பதில் நமக்குச் சந்தேகம் வருவதே இல்லை.

மை ஃபேர் லேடி கட்சிக்குத் தலைவர் நம் ஆங்கிலப் பேராசிரியர். ஜாக்கிரதையாகப் பேச வேண்டும். கட்டுக்கோப்பில் அதற்கு இணை இல்லை என்பதே என் அபிப்ராயமும். 1956-ல் வந்து 2,717 காட்சிகள் ஓடியது. ஷா உயிரோடிருந்தவரை பிக்மேலியனை மியூசிக்கல் ஆக்க விடவேயில்லை, அவர் 1950-ல் போன பிறகுதான் வழி பிறந்தது. ரெக்ஸ் ஹாரிசனுக்குப் பாட வராது, பாதி பேசியே ஒப்பேற்றினார். அதையே ஒரு பாணியாக்கிவிட்டார்கள். ஆனால் உச்சரிப்பை வைத்து ஜாதி கண்டுபிடிக்கிற இங்கிலாந்தில்தான் அதன் உயிர் இருக்கிறது. பு.ல. தேஷ்பாண்டே மராத்தியில் தீ ஃபுல்ராணி என்று அற்புதமாகக் கொண்டுவந்தாரே என்று பேராசிரியர் கேட்பார். உண்மை. ஆனால் பு.ல. எடுத்துக்கொண்டது ஷாவின் நாடகத்தை, லெர்னரின் பாட்டுகளை அல்ல.

சங்கீதம் மட்டுமே அளவு என்றால் நான் வாயை மூடிக்கொண்டு வெஸ்ட் சைட் ஸ்டோரிக்கு ஓட்டுப் போட்டிருப்பேன். பெர்ன்ஸ்டைன் மேதை. கடைசி வரிசை இளைஞர்களின் ஹேமில்டனையும் நான் ஒதுக்கவில்லை. 2015-ல் வந்தது. என் பேரன் அதிலுள்ள அத்தனை வார்த்தைகளையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறான், ருத்ரம் சொல்லிக்கொடுத்தால் மூன்றாவது அனுவாகத்தில் தூங்கிவிடுகிறான். அமெரிக்காவை ஸ்தாபித்த வெள்ளைக்காரர்களாக மற்ற நிறத்தவர்களை நடிக்கவைத்தது பெரிய காரியம். அது ஐம்பது வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்று பார்க்க நான் இருக்க மாட்டேன். அவ்வளவுதான் என் ஆட்சேபணை.

இப்போது என் கட்சி. ஃபிட்லர் ஆன் தி ரூஃப், கூரை மேல் பிடில்காரன்.

1964 செப்டம்பர் 22-ம் தேதி நியூயார்க் இம்பீரியல் தியேட்டரில் ஆரம்பித்தது. 3,242 காட்சிகள். பிராட்வேயில் மூவாயிரத்தைத் தாண்டிய முதல் மியூசிக்கல் இதுவே. ஜெரி பாக் சங்கீதம், ஷெல்டன் ஹார்னிக் பாடல்கள், ஜோசப் ஸ்டைன் வசனம், ஜெரோம் ராபின்ஸ் டைரக்ஷனும் நடனமும். மூலக்கதை யிட்டிஷ் மொழியில் ஷோலம் அலெய்ஹெம் எழுதியது. அது புனைபெயர், யூதர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் சொல்லும் முகமன். நம்மில் ஒருவர் "நமஸ்காரம்" என்று புனைபெயர் வைத்துக்கொண்டு கதை எழுதுவது போல. அவர் உக்ரைனில் 1859-ல் பிறந்தவர். தெவ்யே என்ற பால்காரனைப் பற்றி இருபது வருஷம் விட்டு விட்டு எழுதினார்.

கதை தெரியாதவர்களுக்காக. 1905-ம் வருஷம், ஜார் ஆட்சியில் அனதெவ்கா என்ற குக்கிராமம். தெவ்யேக்கு ஐந்து பெண்கள், நொண்டிக் குதிரை ஒன்று, பணம் கிடையாது. பகவானிடம் தினமும் பேசுவான், பேச்சு என்பதைவிட வழக்காடுவான். மூத்தவளுக்குத் தரகுக்காரி பணக்காரக் கசாப்புக்கடைக்காரன் ஒருவனைப் பார்த்துவிடுகிறாள், தெவ்யேயும் வாக்குக் கொடுத்துவிடுகிறான். பெண்ணோ ஏழைத் தையல்காரனை விரும்புகிறாள். அப்பா இளகுகிறான். ஆனால் மனைவியிடம் எப்படிச் சொல்வது? ராத்திரி கெட்ட கனவு கண்டதாகக் கத்தி, செத்துப்போன பாட்டியே கனவில் வந்து தையல்காரனைச் சொன்னாள் என்று கதை கட்டுகிறான். இந்த இடத்தில் சிரிக்காத புருஷன் யாரும் இருக்க முடியாது.

இரண்டாமவள் ஒரு புரட்சிக்காரனை வரித்துக்கொண்டு அப்பாவிடம் வந்து, அனுமதி கேட்கவில்லை, ஆசீர்வாதம்தான் கேட்கிறோம் என்கிறாள். (என் இரண்டாவது பெண் 2008-ல் புனேயிலிருந்து எஸ்.டி.டி. போட்டுச் சொன்னது ஏறக்குறைய இதேதான். மாப்பிள்ளை சண்டிகர்க்காரர். என் கதை அந்த அளவோடு சுபமாக நின்றது.) மூன்றாமவள் சாவா, ரஷ்யக் கிறிஸ்தவப் பையனை விரும்புகிறாள். இங்கேதான் நாடகம் திரும்புகிறது.

இதுவரை தெவ்யே ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் நியாயம் சொல்லி, மறுபக்கம் நியாயம் சொல்லி, தராசு எந்தப் பக்கம் சாய்கிறதோ அங்கே போய் நிற்பான். மூத்தவளுக்கு அப்படித்தான் வளைந்தான், இரண்டாமவளுக்கும் அப்படித்தான். மூன்றாமவளுக்காகவும் தராசைத் தூக்குகிறான். பாதியில் கீழே போட்டுவிடுகிறான். இதற்கு மேல் வளைந்தால் நான் ஒடிந்துவிடுவேன் என்பது அவன் கட்சி. பெண் செத்துவிட்டாள் என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

சென்ற மார்கழியில் நம் கிளையைச் சேர்ந்த பத்துப் பதினைந்து பேர் என் வீட்டில் சேர்ந்து 1971-ல் வந்த திரைப்படத்தைப் பார்த்தோம். நான் சொல்லப்போவது சம்பந்தப்பட்டவர்கள் அனுமதியுடன், பெயர் இல்லாமல். இந்தக் காட்சி வந்ததும் ஒரு நண்பர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். அவருடைய பெண் வேறு மதத்தில் கல்யாணம் செய்துகொண்டு பல வருஷமாயிற்று. போக்குவரத்து இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தவர், யாரும் கேட்காமலே, "அவன் பண்ணினது சரி" என்றார். நம் கூட்டங்களில் வாயே திறக்காத அவருடைய மனைவி அப்போது கேட்டார்: "சரின்னா, அவனுக்கு ஏன் அப்படி வலிக்கறது?"

யாரும் பதில் சொல்லவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து நானே ரிமோட்டை எடுத்து மீதியை ஓட்டினேன்.

எந்த மியூசிக்கல் பெரியது என்ற வாதத்தில் நான் வைக்கும் சாட்சியம் இதுதான். நியூயார்க்கில் யூதர்கள் எழுதிய ஒரு நாடகம், அறுபது வருஷம் கழித்து நம் வீட்டு ஹாலில் ஒரு தம்பதியை அப்படிப் பேச வைத்தது. நாடகம் அவர் பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை, அந்த அம்மாள் பக்கமும் சொல்லவில்லை. தெவ்யேயை வில்லன் ஆக்கியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும், பெண்ணைத் துரோகி ஆக்கியிருந்தாலும் சுலபம்தான். இரண்டும் இல்லாததால்தான் ஒருவர் எழுந்து பால்கனிக்குப் போக வேண்டியிருந்தது.

கடைசிக் காட்சியைக் கவனியுங்கள். ஜாரின் உத்தரவு வந்துவிட்டது, யூதர்கள் எல்லோரும் மூன்று நாளில் ஊரைக் காலி செய்ய வேண்டும். வண்டியில் சாமான் ஏற்றுகிறார்கள். சாவாவும் புருஷனும் வருகிறார்கள். இப்படிச் செய்யும் மனிதர்கள் மத்தியில் எங்களாலும் இருக்க முடியாது, நாங்களும் கிளம்புகிறோம் என்கிறார்கள். தெவ்யே நிமிர்ந்து பார்ப்பதில்லை. சாமானைக் கட்டிக்கொண்டே இருக்கிறான். அக்காதான் அவளுக்கு விடை கொடுக்கிறாள். அப்போது கயிற்றை இறுக்கிக்கொண்டே, அக்காவின் காதில் மட்டும் விழும்படி, கடவுள் துணையிருக்கட்டும் என்ற பொருளில் இரண்டு வார்த்தை முணுமுணுக்கிறான். அவள் அதை வாங்கித் தங்கைக்கு உரக்கச் சொல்கிறாள். அவ்வளவுதான். கட்டிப்பிடிக்கவில்லை, கண்ணீர் விட்டு மன்னிக்கவில்லை.

ஷோலம் அலெய்ஹெமின் மூலத்தில் இது வேறு மாதிரி. அங்கே சாவா புருஷனை விட்டுவிட்டு அப்பாவிடமே திரும்பி வந்துவிடுகிறாள். அப்பாக்களுக்குச் சௌகரியமான முடிவு. ஸ்டைன் அதை மாற்றினார். பெண் திரும்பி வரவில்லை, அப்பாவும் முழுதாக மாறவில்லை, நடுவில் அந்த முணுமுணுப்பு மட்டும். மூலத்தை மாற்றியது தவறு என்று சொல்லும் பண்டிதர்கள் உண்டு. நான் ஸ்டைன் கட்சி.

இந்த நாடகம் உருவான விதமும் சுவாரஸ்யம். ஆரம்பத்தில் எழுதியவர்கள், இது ஒரு பால்காரனும் அவன் பெண்களும் பற்றிய கதை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். டைரக்டர் ராபின்ஸ் ஒவ்வொரு கூட்டத்திலும், இது எதைப் பற்றிய நாடகம் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாராம். ஒரு நாள் யாரோ சலித்துப்போய், ஒரு வாழ்க்கை முறையே கலைந்துபோவதைப் பற்றியது என்று சொல்ல, அப்படியானால் முதல் பாட்டு அதைத்தான் சொல்ல வேண்டும் என்றார். மரபு பற்றிய அந்தப் பிரபலமான ஆரம்பப் பாட்டு அப்படிப் பிறந்ததுதான். ஃபைலில் முதல் பக்கத்தில் விஷயம் என்று ஒரு வரி எழுதுவோமே, அதைச் சரியாக எழுதினால் பாதி வேலை முடிந்தது என்று எனக்கு ஆபீஸில் சொல்லிக்கொடுத்த சூப்பரிண்டெண்டெண்ட்தான் ஞாபகத்துக்கு வருவார்.

தெவ்யேயாக முதலில் நடித்தவர் ஜீரோ மோஸ்டல். அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலத்தில் வேலையில்லாமல் ஒதுக்கிவைக்கப்பட்டவர். ராபின்ஸோ 1953-ல் அந்த விசாரணைக் கமிட்டியின் முன் பெயர்களைச் சொன்னவர். இருவரும் ஒரே ஒத்திகை அறையில் வேலை செய்துதான் இதை உண்டாக்கினார்கள்.

பாட்டில் நமக்கு ஒரு ஒட்டுறவும் உண்டு. யிட்டிஷ் வாத்தியக்காரர்கள் பிரைகிஷ் என்று சொல்லும் ஒரு ஸ்கேல் இருக்கிறது. அதன் ஸ்வரங்கள் நம் பதினான்காவது மேளமான வகுளாபரணத்தினுடையவை. தெவ்யே பணக்காரனாகும் கனவு காணும் பாட்டில் அந்தச் சாயல் அடிக்கும். அடுத்த முறை கேட்கும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். சங்கீதம் தெரிந்த மாமிகள் ஸ்வரம் போட்டே காட்டிவிடுவார்கள்.

கெமிஸ்ட்ரியில் ஒரு பொருளின் குணத்தை அறிய வெவ்வேறு திரவங்களில் கரைத்துப் பார்ப்போம். இந்த நாடகத்தை 1967-ல் டோக்கியோவில் ஜப்பானிய மொழியில் போட்டார்கள். அங்கே தயாரிப்பாளர் தன்னிடம் கேட்டதாக ஸ்டைனே பிறகு சொல்லியிருக்கிறார்: அமெரிக்காவில் இந்த நாடகம் புரிகிறதா, இது இவ்வளவு ஜப்பானியத்தனமாக இருக்கிறதே என்று. 2018-ல் நியூயார்க்கில் இதை யிட்டிஷ் மொழியிலேயே போட்டார்கள். ஆங்கிலத்தில் பிறந்தது மூலக்கதையின் மொழிக்குத் திரும்பிப் போனது.

ஒரு எச்சரிக்கை. இதைப் பார்த்துவிட்டு நம்மவர்கள் சிலர், "நாமும் அனதெவ்காதான், நம் அக்ரஹாரமும் இப்படித்தான் போச்சு" என்று பெருமூச்சு விடுகிறார்கள். நான் அந்தக் கணக்கில் கையெழுத்துப் போட மாட்டேன். அவர்களைப் போலீஸ்காரன் தடியோடு வந்து துரத்தினான். 1903-ல் கிஷினேவிலும் 1905-ல் பல ஊர்களிலும் வீடு புகுந்து கொன்றார்கள். நம்மில் இந்த ஹாலில் இருக்கும் பெரும்பாலோர் பரீட்சை எழுதி, ஆர்டர் வாங்கி, ரிசர்வேஷன் செய்த பெர்த்தில் படுத்துக்கொண்டு ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்தவர்கள். ஊர் விட்ட ஏக்கம் நிஜம்தான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நமக்கும் தெவ்யேக்கும் பொருத்தம் வீட்டுக்குள்ளே, சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது, தெருவில் இல்லை.

குறைகளும் உண்டு. முதல் பாதி நீளம், இரண்டாம் பாதி அவசரம். தரகுக்காரி பாத்திரம் கொஞ்சம் மிகை, கைதட்டலுக்காகச் செய்தது. புரட்சிக்காரன் பேசுவது அசல் துண்டுப்பிரசுரம். வெஸ்ட் சைட் ஸ்டோரியின் சங்கீதத்துக்கு முன்னால் பாக்கின் சங்கீதம் எளிமையானது. இதையெல்லாம் பேராசிரியர் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

நம் நண்பரின் மனைவி கேட்ட கேள்விக்கு அன்று பதில் வரவில்லை என்றேன். இன்றுவரை வரவில்லை. ஆனால் போன மாதம் அந்த நண்பர் போன் செய்து, படத்தின் டிஸ்க் வேண்டும், கடைசி அரை மணி நேரத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்று கேட்டார். கொடுத்திருக்கிறேன். இன்னும் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

மணி அடித்துவிட்டார்கள். பேராசிரியர் எழுந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். மைக்கை அவரிடம் கொடுக்கிறேன்.